பயோவில் மூன்று, கெமிஸ்ட்ரியில் ஒன்று

போட்டோகொப்பி மெஷினிலிருந்து எடுத்த, சூடு ஆறாத தாளுக்கு ஒரு வாசம் உண்டு... அந்த வாசம் மூக்கில் பட்டாலே அப்போதெல்லாம் இன்றைக்கு எத்தனை மார்க் வரப்போகிறதோ என்று எண்ணத் தொடங்கிவிடுவேன்.

கல்முனையில் தகரக் கூரை போட்ட டியூஷன் கொட்டகை. ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதுகிறவர்களுக்கு எங்கள் பக்கம் ‘செகண்ட் ஷை’ என்று பெயர். நானும் ஒரு செகண்ட் ஷை. முதல் தடவை கெம்பஸ் போக, பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை என்ற பேச்சுக்கே வீட்டில் இடமில்லை.

கெமிஸ்ட்ரி எம்.சி.கியூ. பேப்பரில் ஐம்பது கேள்வி. ஒரு நாள் நாற்பத்தொன்று எடுப்பேன். அடுத்த பேப்பரில் முப்பத்திரண்டு. பிறகு நாற்பத்திரண்டு... மறுபடி முப்பத்துமூன்று.

சவளக்கடை ஊரில் வயல் செய்த வாப்பாவுக்கு இது விளங்கவே இல்லை.

“என்ன மகள், ஒரு நாளைக்கு நாப்பது, ஒரு நாளைக்கு முப்பது... நான் எத நம்புற?”

எனக்கும் தெரியவில்லை. நேரத்துக்குத் தூங்கிப் பார்த்தேன். பால் விடாத பிளேன்டீ குடித்துப் பார்த்தேன். உம்மா கண்ணூறு என்று முடிவு கட்டி, தண்ணீர் ஓதி வாங்கி வந்தா. அதையும் குடித்தேன். அடுத்த பேப்பரில் முப்பத்தொன்று.

சோதனைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, “நான் எழுதல்ல வாப்பா” என்று சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. இரண்டு நாளில் டீச்சர் ட்ரெயினிங்குக்கு விண்ணப்பிக்கும் ஃபோம் ஒன்று என் மேசையில் இருந்தது. அதைவிட அவர் ஏசியிருந்தால் நல்லது என்று தோன்றியது.

டியூஷனில் என் பக்கத்தில் இருப்பவள் சுகந்தி. தம்பிலுவிலிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளும் செகண்ட் ஷைதான். அவள் பேப்பரை நான் திருத்துவேன், என் பேப்பரை அவள் திருத்துவாள். நான் எழுதப்போவதில்லை என்றதும் என் பழைய பேப்பர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த கிழமை டியூஷன் வாங்குப் பலகையில் அவற்றை வரிசையாகப் பரப்பி வைத்தாள்.

“இஞ்ச பாருகா. உனக்குக் கெமிஸ்ட்ரி தெரியும். நீ நம்பரத்தான் பிழையாப் போட்டிருக்காய்.”

விஷயம் இதுதான். பேப்பரில் பத்துக் கேள்விகளில் எந்தெந்தக் கூற்று சரி என்று கண்டுபிடித்துவிட்டு, மேலே இருக்கும் அட்டவணையைப் பார்த்து அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். முதல் இரண்டு கூற்றுகள் மட்டும் சரி என்றால் கெமிஸ்ட்ரி அட்டவணையில் அதற்கு 1. பயோ அட்டவணையில் அதே இரண்டுக்கும் 3. நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் இரண்டு அட்டவணையையும் பாடமாக்கி வைத்திருந்தேன். கெமிஸ்ட்ரி மட்டும் செய்த நாட்களில் எல்லாம் ஒழுங்கு. காலையில் பயோ பேப்பர் செய்துவிட்டு லுஹர் தொழுகைக்குப் பிறகு கெமிஸ்ட்ரி செய்த நாட்களில், கை தன்பாட்டில் பயோ எண்ணைப் போட்டிருக்கிறது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

“பாடமாக்கினது காணும், விட்டுடு. ஒவ்வொரு முறையும் அட்டவணையப் பார்த்துப் போடு” என்றாள்.

பார்த்துப் போட்டேன். நாற்பது. நாற்பத்தொன்று. பயோ செய்த நாளிலும் நாற்பது. ஃபோமை வாப்பாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

“அப்ப எழுதுறயா?”

“ஓம் வாப்பா.”

எழுதினேன். எனக்குக் கெம்பஸ் கிடைத்தது. சுகந்திக்குக் கொஞ்சத்தில் தவறிவிட்டது.

இப்போது தங்கையின் மகள் ஏ.எல். படிக்கிறாள். கட்டிலில் சாய்ந்தபடி ஃபோனில் பேப்பர் செய்கிறாள். எந்தப் பாடத்தில் பிழை, எந்தக் கேள்வியில் அவசரம் என்று அதுவே கலர் கலராகக் காட்டிவிடுகிறது. நல்ல வசதிதான். யாருடைய பேப்பரையும் யாரும் கையில் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை.

சுகந்தி தம்பிலுவிலில் முன்பள்ளி நடத்துகிறாள். எப்போதாவது கதைப்போம். அவளுக்கு என்மேல் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

என் மார்க் ஏறி இறங்கியதால் அவள் ஏன் என்று பார்த்தாள். அவளுடைய மார்க் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை... எப்போதும் முப்பத்தைந்து, முப்பத்தாறு. மீதிப் பதினைந்தும் எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. திருத்தினேன், கூட்டிப் போட்டேன், அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.