நீலத்தலை இறால்களும் ஆறு நாள் காய்ச்சலும்

கவ்ஷியுங் துறைமுகத்துக்குப் பின்புறம், மீன் கிடங்குகளை ஒட்டிய தெருவில், நான்கு மாடிப் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் கே பீ-யுன் குடியிருந்தாள். வயது ஐம்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. இருபத்தாறு வருடம் மின்சாதனத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னப் பாகங்களை வைத்து நல்லது எது, கெட்டது எது என்று பிரித்தவள். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது மற்றவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். இவளோ அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மாதம் திண்டாடினாள். பிறகு மீன் கடைத்தெருவில் பத்து இறால்களை ஒரு பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்தாள். அதோடு சரி, ஆள் தொலைந்தாள்.

சாப்பிடுகிற இறால் இல்லை இது. விரல் நகம் அளவுதான் இருக்கும். அந்தப் பத்தும் பெருகிப் பதினாலு தொட்டி ஆன பிறகும், எல்லாவற்றையும் வறுத்தால் ஒரு கரண்டிக்குக் காணாது. படுக்கையறையை இறால்களுக்குக் கொடுத்துவிட்டு அவள் கூடத்தில் படுத்தாள். இறால்களுக்கு ஏசி, அவளுக்கு மின்விசிறி. தண்ணீர் இருபத்தைந்து டிகிரிக்கு மேல் சூடானால் அவளுக்கு வியர்த்துவிடும். இறாலுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள். அதில் பொய்யும் இல்லை.

வெள்ளை உடம்பு, தலையில் மட்டும் ஒரு நீலப் பட்டை. அப்படி ஒன்று தற்செயலாகப் பிறந்ததை அவள் கண் பிடித்தது. அதைத் தனியே பிரித்து, அதன் பிள்ளைகளில் நீலம் உள்ளதை மட்டும் பொறுக்கி, அவற்றின் பிள்ளைகளில் மறுபடி பொறுக்கி, பதினோரு வருடம் ஓட்டினாள். அந்த நீலம் மெல்ல மெல்ல வால் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. இறால் வளர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல வம்சம் கையில் இருந்தால் ஒரு டஜனை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து வைப்பார்கள். நம் வீட்டில் மின்சாரம் போய் எல்லாம் செத்தாலும் அங்கே வித்து மிஞ்சும். பீ-யுன் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால் தனக்கு முன்னால் பெருக்கி விற்றுவிடுவார்கள் என்ற சந்தேகம். கஞ்சத்தனம் என்றே சொல்லலாம்.

அவள் வாசற்படி தாண்டி அந்த அறைக்குள் போக அனுமதி பெற்றிருந்த ஒரே ஆள் இரண்டாவது மாடியில் இருந்த லியாவ் அக்கா. அறுபத்தொரு வயது, கணவனை இழந்தவள். தெருமுனையில் காலைச் சிற்றுண்டிக் கடை போட்டு முள்ளங்கிப் பணியாரமும் சோயாப் பாலும் விற்றாள். கடையைக் கட்டியதும் கோயிலுக்குப் பின்னால் உள்ள மல்பெரி மரத்தில் தளிர் இலையாகப் பறித்து, நூலால் கட்டி, பீ-யுன் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிடுவாள். இறால்கள் அந்த இலைக்கு உயிரை விடும். வாரம் ஒருமுறை மேலே வந்து தொட்டி முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, "உன் பிள்ளைங்கள்ல எதுக்குமே உன் மூஞ்சி இல்லடி ஆ-யுன், அப்பன் ஜாடைதான்" என்று கேலி செய்வாள். பீ-யுன் சிரிக்கிற சத்தம் அப்போது மட்டும்தான் மாடிப்படியில் கேட்கும்.

அந்த வருடம் சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், ஆவிகளுக்குப் படையல் வைக்கும் மேசைகள் தெருவெங்கும் வந்துவிட்ட நேரத்தில், ஊரில் டெங்கு தலைவிரித்தாடியது. யாருக்காவது டெங்கு என்று தெரிந்தால் மருத்துவர் அன்றே சுகாதாரத் துறைக்கு எழுதி அனுப்ப வேண்டும். மறுநாள் முதுகில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். நோயாளி வீடு, மேல்வீடு, கீழ்வீடு என்று ஒன்று விடாமல் புகைமருந்து அடிப்பார்கள். கொசுவைக் கொல்கிற மருந்து இறாலை விடுமா? தண்ணீரில் ஒரு துளி போதும். எதிர்த்தெருவில் ஒருவன் நாற்பது தொட்டியையும் ஒரே நாளில் சாக்கடையில் கொட்டியதை பீ-யுன் கண்ணால் பார்த்திருந்தாள்.

பார்த்த மறுவாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் குடைச்சல், எலும்பெல்லாம் நொறுங்குகிற வலி. என்ன காய்ச்சல் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மருத்துவமனைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கிவிட்டு, கையில் புறப்பட்ட சிவப்புத் தடிப்பை மறைக்க ஆவணி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். ஆறு நாள். இரவில் தொட்டிகளின் ஓரத்தில் தரையில் கிடந்து முனகினாள். செத்தாலும் சாவோம், மருந்தடிக்க விடக்கூடாது என்று உண்மையிலேயே நினைத்தாள். ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. ஜெயித்துவிட்டேன் என்று அந்தப் பைத்தியக்காரி தொட்டியிடம் சொன்னாள்.

அவள் மறந்தது ஒன்று. குழாய்த் தண்ணீரை அப்படியே இறாலுக்கு ஊற்ற முடியாது. குளோரின் போக வாளிகளில் பிடித்துப் பின்பக்க பால்கனியில் மூன்று நாள் வைத்திருந்துதான் ஊற்ற வேண்டும். வழக்கமாக வலைபோட்டு மூடி, மூன்றாம் நாள் காலி செய்துவிடுவாள். காய்ச்சலிலும் அதற்குப் பின்வந்த அசதியிலும் கிடந்தபோது ஐந்து வாளிகள் வலையில்லாமல் பத்து நாள் கிடந்தன. எழுந்து நடமாடத் தொடங்கியபோது அவற்றில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் சாக்கடையில் கொட்டினாள். கொட்டுவதற்கு முன்பே பறந்து போனவை எத்தனை என்று அவள் யோசிக்கவில்லை.

பதினைந்து நாள் கழிந்தது. ஒன்பதாம் தொட்டியில் ஒரு தாய் இறால் வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்திருந்தது. தாய்க்கும் நீலம் வால்வரை, தகப்பனுக்கும் வால்வரை. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு ஜோடி சேர்ந்தது அதுதான் முதல் தடவை. முப்பது முட்டைகள், பொரிக்க இன்னும் ஐந்தே நாள் என்று லியாவ் அக்காவை அழைத்துக் காட்டினாள். அக்கா அன்றைக்குக் கேலி செய்யவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு, அழகா இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மறுநாள் சிற்றுண்டிக் கடை திறக்கவில்லை. ஆனால் கதவில் மல்பெரி இலைக் கட்டு தொங்கியது. அதற்கு மறுநாளும் கடை இல்லை. ஊர்க்கோயில் படையலுக்குப் போயிருப்பாள் என்று பீ-யுன் எண்ணிக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் ஒன்பதாம் தொட்டியில் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தது. மூக்கில் ரத்தம் ஒழுக லியாவ் அக்காவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். மாலையில் வட்டாரத் தலைவர் மேலேறி வந்தார். அக்காவுக்கு டெங்கு முற்றிவிட்டதாகவும், நாளைக் காலை பத்து மணிக்குக் கட்டடம் முழுக்க மருந்தடிப்பார்கள் என்றும், கதவைப் பூட்டிக்கொண்டால் பூட்டு திறக்கிற ஆளோடு வருவார்கள் என்றும் சொன்னார். பீ-யுன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டே நாள் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சினாள். அந்த மனிதர் கையை விடுவித்துக்கொண்டு சொன்னார்.

"அங்க ஒரு பொம்பள உசுருக்குப் போராடிட்டு இருக்கா. நீங்க இறாலுக்கு நாள் கேக்கறீங்க. கேக்க எனக்கே கூசுதும்மா."

அப்போதுதான் அவளுக்கு வாளிகள் ஞாபகம் வந்தன. தன் காய்ச்சலிலிருந்து அக்காவின் காய்ச்சல்வரை நாட்களை எண்ணினாள். கணக்கு அச்சுப் பிசகாமல் சரியாக வந்தது.  ஆனாலும், சொல்லவே வெட்கமாயிருக்கிறது, அந்தக் கணக்கோடேயே அவள் போய் பிளாஸ்டிக் தாளையும் ஒட்டுநாடாவையும்தான் எடுத்தாள்.

பதினாலு தொட்டிகளின் வாயையும் இரண்டு சுற்றுத் தாளால் மூடி ஒட்டினாள். அறைக் கதவிடுக்குகளை அடைத்தாள். மூடிய தொட்டியில் காற்று போகாவிட்டால் இறால்கள் மூச்சு முட்டிச் சாகும். அதனால் எல்லாத் தொட்டிகளுக்கும் குழாய் போகிற காற்று மோட்டாரைத் தூக்கிக் குளியலறையில் வைத்து, அந்தக் கதவையும் ஒட்டினாள். உள்ளே வராதீர்கள், அங்கே ஒன்றுமில்லை என்று மருந்தடிப்பவர்களிடம் சத்தியம் செய்தாள். அவர்களும் கூடத்திலும் சமையலறையிலும் மட்டும் அடித்துவிட்டுப் போனார்கள். பாவம், நல்ல மனிதர்கள்.

குறிப்பிட்ட நேரம் வெளியே காத்திருந்துவிட்டு வந்து, தரையை மூன்று முறை துடைத்து, உடை மாற்றி, கையை முழங்கைவரை கழுவிக்கொண்டு படுக்கையறையைத் திறந்தாள். ஒன்பதாம் தொட்டியில் இறால்கள் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தன. மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் ஓயாத நீச்சல். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பெண் இறால் சட்டை உரித்தவுடன் அந்த வாசனைக்கு ஆண் இறால்கள் இப்படித்தான் கிறுக்குப் பிடித்தாற்போல் சுற்றும். இறால்காரர்களுக்கு இதைவிட நல்ல சகுனம் கிடையாது. பிழைத்துவிட்டார்கள், கல்யாணக் களை வந்துவிட்டது என்று கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

பிறகு குஞ்சுகளைப் பார்த்தாள். முன்பே பொரித்திருந்த எள்ளளவு குஞ்சுகளும் சுற்றிக்கொண்டிருந்தன. குஞ்சுகளுக்கு ஏது கல்யாணம்? பக்கத்துத் தொட்டியில் பெண் இறால்களும் சுற்றின. பதினாலு தொட்டியிலும் சுற்றின.

ஓடிப்போய்க் குளியலறைக் கதவைப் பிய்த்துத் திறந்தாள். மருந்து வாடை முகத்தில் அடித்தது. பழைய கட்டடங்களில் எல்லா மாடிக் குளியலறைகளுக்கும் பொதுவாக ஒரே காற்றுப் போக்கிதான் உண்டு. இரண்டாவது மாடியில், லியாவ் அக்கா வீட்டில் அடித்த மருந்து அதன் வழியே மேலே வந்திருந்தது. கம்பி போட்ட அந்தச் சின்ன ஜன்னலுக்குக் கீழேதான் மோட்டாரை வைத்திருந்தாள். மூன்று மணிநேரமாக அது அந்தக் காற்றை உறிஞ்சி ஒவ்வொரு தொட்டியிலும் குமிழி விட்டிருந்தது. மூடாமல் விட்டிருந்தால்கூடப் பாதி பிழைத்திருக்கும்.

தண்ணீரை மாற்றினாள். விஷத்தை உறிஞ்சும் என்று கரியைப் போட்டாள். வலையால் அள்ளி அள்ளிச் சோற்றுக் கிண்ணங்களில், குவளைகளில், கழுவிய சோயாப் பால் புட்டிகளில் விட்டாள். ஆட்டம் நின்று ஒவ்வொன்றாய் மல்லாந்தன. தாய் இறாலைத் தன் தேநீர்க் கோப்பையில் வைத்துக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது மல்லாந்து கிடந்தது. கால்கள் அசையவில்லை. வயிற்றடியில் இருந்த சின்னத் துடுப்புகள் மட்டும் முட்டைகளுக்குக் காற்று வீசிக்கொண்டே இருந்தன. சாயங்காலம்வரை வீசின. அப்புறம் நின்றன. பீ-யுன் வாய்விட்டு அழுதாள், அம்மா செத்தபோதுகூட அப்படி அழாதவள்.

விடிந்ததும் அவள் மருத்துவமனைக்குக் கிளம்பினாள். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், காலில் விழ வேண்டும், அவள் திட்டட்டும், அடிக்கட்டும் என்று பேருந்தில் வாய்க்குள் ஒத்திகை பார்த்தபடி போனாள். லியாவ் அக்கா சுவரோரக் கட்டிலில் கொசுவலைக்குள் கிடந்தாள். மூக்கில் பஞ்சு, கைகளில் ஊசி குத்திய இடமெல்லாம் கருநீலமாய்க் கன்றியிருந்தது. ரத்தம் உறைவதற்கான அணுக்கள் பாதாளத்துக்குப் போய்விட்டன, மூன்று நாள் தாமதமாக வந்திருக்கிறார் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

பீ-யுன் வலைக்கு வெளியே மண்டியிட்டாள்.

"அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன மாசம் எனக்கு..."

"காய்ச்சல்தானே." அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உன் தரைக்குக் கீழதான என் கட்டில் கிடக்கு. நீ முனகினது எனக்குக் கேக்காதா? இந்த வெயில்ல எவடி முழுக்கைச் சட்டை போடுவா?"

"தெரிஞ்சும் ஏன்க்கா யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா மருந்தடிச்சிருப்பாங்க. நீ அதோட முடிஞ்சிருப்ப." மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு வந்தப்பவும் அதான் பேசாம கிடந்தேன். அந்தத் தாய்க்காரி பொரிக்க அஞ்சு நாள்னு சொன்னியே, அஞ்சு நாளையும் பல்லக் கடிச்சு ஓட்டிடலாம்னு பாத்தேன். மூணு நாளுக்கு மேல முடியலடி."

பீ-யுன் கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள். 

"மருந்தடிச்சாங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"அடிச்சாங்க. எல்லாத்தையும் மூடி வச்சுட்டேன்க்கா."

"பொரிச்சிருச்சா?"

"பொரிச்சிருச்சு."

"எத்தனை?"

"முப்பதும்."

"நீலம்?"

"வால்வரைக்கும். ஒண்ணுகூடத் தப்பல."

லியாவ் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, வெடித்த உதட்டோடு சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மேலே வந்து பார்க்க வேண்டும், முக்காலியைத் துடைத்து வை என்றாள். அன்று மாலை அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

பீ-யுன் வீட்டுக்கு வந்து பதினாலு தொட்டிகளையும் காலி செய்து கழுவிக் கவிழ்த்தாள். ஏசியை அணைத்தாள். முக்காலியைத் துடைத்து, ஒன்பதாம் தொட்டி இருந்த இடத்துக்கு முன்னால் போட்டாள். பிறகு நேரே கடல் தெய்வமான மாஸு தாயின் கோயிலுக்குப் போய் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருடமாக அந்தச் சந்நிதியில் நீலம் நீலம் என்றே வேண்டிய வாய் அது. அன்றைக்கு வேறு வேண்டினாள். தாயே, என் பொய் பிடிபட வேண்டும். அக்கா படியேறி வந்து, அந்த வெறும் அறையைப் பார்த்து, என் முகத்தில் துப்ப வேண்டும். அது போதும் எனக்கு.