மூன்று முறை கத்திய பெட்டி

வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு மூன்று முறை கத்தினால், நாற்பத்து மூன்று வயதாகும் நான் இன்றும் ஒரு கணம் திருடனைப் போல் முழிப்பேன். இதை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் எழுதிவிடுகிறேன், நான் எழுதுவதை வீட்டில் யாரும் படிப்பதில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. உடுமலைப்பேட்டையில் அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை, பின்புறம் வீடு. கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து, ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று போர்டும் எழுதி மாட்டியிருந்தார். அதை இயக்கத் தெரிந்தது அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு மட்டும்தான்.

அத்தையைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகாத ஜனங்கள் நாங்கள். நாலாவது ஆள் கிடைக்காவிட்டால் துணைக்கு ஒரு கல்லையாவது எடுத்துக்கொள்வோம். பொருத்தத்தைப் பெண்ணே கம்ப்யூட்டரில் அச்சடித்துக் கொடுப்பாள் என்று அப்பா பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அத்தை சுவிட்சைப் போட்டாள். திரை இருட்டாகவே இருந்தது. பெட்டி மட்டும் பீப், பீப், பீப் என்றது.

நான் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தேன். முந்தின நாள்தான் கீபோர்டுக்கு மேலே வைத்துத் தேங்காய் பர்பி தின்றிருந்தேன்.

அத்தை பதறவே இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும், சத்தத்தை எண்ணித்தான் கோளாறைப் பிடிக்க முடியும் என்று வந்தவர்களுக்கு விளக்கினாள். எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தாள். முதலில் கீபோர்டைப் பிடுங்கினாள்.

“எத்தனை கண்ணு? எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லு.”

“மூணுங்கத்தை.”

பர்பித்தூள் ஒயர் வழியாக உள்ளே போயிருக்கும் என்று முடிவு செய்தேன். மவுஸைக் கழற்றினாள், மூணு. பிரிண்டரைக் கழற்றினாள், மூணு. மானிட்டர் ஒயரைப் பிடுங்கிச் செருகினாள், மூணு. நான் ஏலம் விடுகிறவன் மாதிரி கத்தக் கத்த, மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அந்த அம்மாள் என் அப்பாவைப் பார்த்தார்.

“ஏனுங்க, செவுத்துல கவுளி சொன்னாலே ஒருக்கா ரோசனை பண்ணுவோம். இது உடாம மூணு மூணுன்னே சொல்லுதுங்களே.”

காபியைப் பாதியில் வைத்துவிட்டு, கடுதாசி போடுகிறோம் என்று கிளம்பினார்கள். கடுதாசி வரவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்தார். மெமரி என்கிற சின்னப் பச்சைப் பட்டை, பள்ளத்தில் உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றது. இது தானாகக் கழலாது, யார் கை வைத்தது என்று கேட்டார். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் அழுதுகொண்டே பர்பி தின்றதை ஒப்புக்கொண்டேன். மெக்கானிக்குக்குக் குழப்பம் கூடியது. அப்பாவுக்குத் தீர்ந்தது. முதுகில் மூன்று வைத்தவர், கணக்கு உறைத்து, நாலாவதையும் வைத்தார்.

அன்று சாயங்காலம் அத்தை எனக்கு ஒரு பெட்டி நிறையத் தேங்காய் பர்பி வாங்கி வந்தாள். சம்பந்தம் தட்டிப்போன பெண் ஏன் பாடிக்கொண்டே துணி மடிக்கிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்பியது என் காதிலும் விழுந்திருந்தது. அதையும் பச்சைப் பட்டையையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

போன மாதம், கிளம்ப மறுத்த என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போத்தனூருக்குப் போனேன். அங்கே அத்தைக்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அவள் கண்ணால் பார்க்காமலே ஸ்குரூக்களைக் கழற்றிய வேகத்தில், முப்பது வருடம் தாமதமாக எனக்குப் பொறி தட்டியது. கேட்டேன். அன்று பச்சைப் பட்டையைக் கழற்றியதை உடனே ஒப்புக்கொண்டாள். சரி, என்னை எதற்காக எண்ணச் சொன்னீர்கள் என்றேன்.

“பெட்டி கத்துனா மட்டும் பத்துமா கண்ணு? எதுக்குன்னு கேக்காம கூடச் சேந்து கத்தறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல. ஊட்டுல வெவரமில்லாதது நீ ஒண்ணுதான்.”