அந்த ஒயர் இழுபடவே இல்லை

அந்த ஒயர் இழுபடவே இல்லை. மைக்கும் கெட்டுப்போகவில்லை. செத்துப்போன ஒரு பெண்ணின் குரலை அழித்தவன் நான். அழித்த பழி அவளுடைய அண்ணன் தலையில் ஏறியபோது, பார்த்துக்கொண்டு வாய்மூடி நின்றவனும் நான்தான்!

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். கேட்டால் போதும்...

தொண்ணூறுகளின் கடைசி அது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. முகூர்த்த நாட்களில் லீவு போட்டுவிட்டு, வீடியோ கேமராவைத் தோளில் சுமந்து கல்யாணங்களுக்குப் போவேன். எடுத்துவந்ததை வீட்டு முன்னறையில் இருந்த கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவேன். பழைய மெஷின். கேசட்டிலிருந்து படத்தை ஏற்றுவதற்குள் என் பாதி உயிர் போய்விடும். அதிலும் படம் மட்டுந்தான் ஏறும். சத்தம் ஏறாது.

அதைச் சரிசெய்யத்தான் ஒருநாள் காந்திபுரம் போனேன். கம்ப்யூட்டர் சாமான் விற்ற கடைக்காரர் இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து முன்னால் வைத்தார்.

"ஏனுங்க, உங்க மெஷினுக்கு இப்போதைக்கு ஒண்ணுதான் போட முடியுமுங்க. இந்த சவுண்ட் கார்டு போட்டீங்கன்னா, பேச்சு சத்தமெல்லாம் படத்தோடயே ஏறிக்கும். இல்லீன்னா இந்த எஃபெக்ட்ஸ் கார்டுங்க. பொண்ணு மாப்பிள்ளைய ரோஜாப்பூவுக்குள்ள சுத்த உடலாம்."

ரோஜாப்பூ! நான் யோசிக்கவே இல்லை. கல்யாண வீட்டுச் சத்தம் யாருக்கு வேண்டும்? எல்லோரும் செய்வதைப்போல டேப்ரிக்கார்டரிலிருந்து சினிமாப் பாட்டைக் கேசட்டில் ஏற்றிவிட்டால் முடிந்தது வேலை. பாட்டும் பூவும் இருந்தால் கொங்கு நாட்டில் எந்த வீட்டிலும் குறை சொல்ல மாட்டார்கள். வேலை முடிந்ததும் கேமராவில் ஓடிய மூலக் கேசட்டை அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அதுதான் எங்கள் தொழில் வழக்கம். நானும் ஊரோடு ஒத்து வாழ்ந்தேன்... அவ்வளவுதான் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். மனம் ஒப்பவில்லை.

புதுக் கார்டு போட்டபின் எடுத்த முதல் கல்யாணம் தாராபுரம் பக்கம். மாப்பிள்ளை பொன்னுசாமி. அவருக்கு ஒரே தங்கை, வளர்மதி. அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்யும் இணைச்சீர் நடந்துகொண்டிருந்தது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அண்ணனிடம், மறு தலைப்பு தங்கையிடம். அவள் திடீரென்று கேமராவைப் பார்த்து, கையை நீட்டி ஏதோ சொன்னாள். மேளச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டு அவள் முகத்தையே எடுத்துக்கொண்டிருந்தேன். அழகான முகம். பூவுக்குள் வைக்க ஏற்ற முகம்.

வீட்டுக்கு வந்து டி.வி.யில் மூலக் கேசட்டை ஓட்டிப் பார்த்தபோது, மணவறையோரம் ஒயர் இழுத்து வைத்திருந்த மைக்கின் தயவில் அவள் சொன்னது துல்லியமாகக் கேட்டது. கேட்டேன்... கேட்டுவிட்டு, 'சரி, இனி என்ன செய்ய' என்று அந்த இடத்தில் ரோஜாப்பூவைச் சுற்றவிட்டேன். மேலே ஒரு பாட்டு.

ஆறு மாதம் கழித்து மஞ்சள் காமாலையில் வளர்மதி போய்விட்டாள்.

அவளுடைய அம்மா ராமாத்தாள் என் வீடு தேடி வந்தார். மூன்று பஸ் மாறி வந்திருந்தார். நான் தந்திருந்த கல்யாணக் கேசட்டை மடியிலிருந்து எடுத்தார்.

"கண்ணு, இதுல எம்புள்ள வாய அசைக்குது, கைய நீட்டுது. பாட்டு மட்டுந்தான் கேக்குது. என்னத்த சொல்லுச்சுன்னு ஒருவாட்டி கேக்கோணும் கண்ணு. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"மேளத்துல ஒண்ணும் காதுல உழுகலீங்கம்மா" என்றேன். அந்த அளவுக்கு அது உண்மைதான். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? இல்லை, 'டேப்பில் கேட்டேன்' என்றாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் 'அந்த டேப்பைக் குடுங்க' என்பாரே! அதன்மேல் வேறொரு கல்யாணத்தைப் பதிந்து மாதக்கணக்காகியிருந்தது. "ஒரு வாரம் டைம் குடுங்கம்மா, எடுத்துத் தாரேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அந்த ஒரு வாரம்... எதிரிக்கும் வரவேண்டாம்! கம்பெனியில் முன்பணம் வாங்கி, முன்பு வேண்டாமென்று தள்ளிய அதே சவுண்ட் கார்டை வாங்கி, எஃபெக்ட்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மாட்டினேன். போதாதென்று கூடுதல் மெமரியும் போட்டேன், பெரிய ஹார்ட் டிஸ்க்கும் போட்டேன். மேலே பதிந்த புதுச் சத்தத்தின் அடியில் பழைய சத்தம் ஒட்டிக்கொண்டிருக்காதா என்று கடை கடையாய் ஏறி இறங்கிக் கேட்டேன். காந்திபுரத்துக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வெள்ளையடிச்ச செவுத்துல பழைய எழுத்தத் தேடறீங்க. கெடைக்காதுங்க."

நம்பவில்லை நான். மூலக் கேசட்டைக் கடைசிவரை ஓட்டினேன். இரண்டாவது கல்யாணம் முடிந்த பிறகு, வால்போல நான்கு நிமிடம் பழையது மிச்சமிருந்தது! பந்தி. "சாம்பார்! இந்த எலைக்கு சாம்பார்!" என்று யாரோ கத்துகிறார். அவ்வளவுதான். வளர்மதி அதில் இல்லவே இல்லை. அவள் குரலை விட்டுவிட்டு எனக்குச் சாம்பார் மட்டும் மிஞ்சியிருந்தது.

சொன்ன நாளில் ராமாத்தாள் வந்தார். கூடவே பொன்னுசாமியும் வந்தார்.

"அன்னைக்கு மைக் வேலை செய்யலீங்கம்மா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. "ஒயரை யாரோ இழுத்துப்போட்டாங்க போல."

பொன்னுசாமிதான் மெல்லச் சொன்னார்.

"ஏனுங்க... சீருக்கு எந்திரிக்கையில என் கால்ல ஒரு ஒயரு மாட்டுச்சுங்க. நாந்தான் எட்டி ஒதறிப்போட்டேன். அதுங்களா?"

அது லைட்டுக்குப் போன ஒயர். எனக்கு நன்றாகத் தெரியும். 'இல்லைங்க' என்று ஒரு சொல் போதும். ஒரே ஒரு சொல்!

நான் தலையாட்டினேன்.

ராமாத்தாள் மகனைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. அழக்கூட இல்லை. "ஏஞ்சாமி, பாத்து நடந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். பொன்னுசாமி என் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மிச்சமிருந்த அந்தப் பந்தியையும் அழித்தேன்! மைக் வேலை செய்தது என்பதற்கு அந்தச் சாம்பார்க்காரன் ஒருவன்தானே சாட்சி...

அதன்பின் ராமாத்தாள் இரண்டு வருடந்தான் உயிரோடு இருந்தார். துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வருமோ என்ற பயத்தில் போனேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். பொன்னுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெனமும் அந்தக் கேசட்டப் போட்டுப் பாப்பாங்க. அந்த எடம் வந்தா என்னயத்தான் திரும்பிப் பாப்பாங்க. நான் எந்திரிச்சு வெளிய போயிருவேனுங்க."

என் கையை அவர் விடவில்லை. அப்போதாவது சொன்னேனா? இல்லை. இப்போதும் அவர் தாராபுரத்தில்தான் இருக்கிறார். பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். ஏறுகிறேன்... நடுவழியில் பல்லடத்தில் இறங்கித் திரும்பிவிடுகிறேன். பலமுறை அப்படித்தான் ஆயிற்று. உங்களிடம் சொல்ல முடிகிற எனக்கு அவரிடம் சொல்ல நா எழவில்லை. இது என்ன பிறவி!

அவள் சொன்னது என்ன என்று இவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள். இந்த உலகத்தில் அது எனக்கு மட்டுந்தான் தெரியும். ராமாத்தாள் புருஷனை இழந்தவர். சீர் நடக்கும் மணவறைப் பக்கம் அவர் வரக்கூடாது. மண்டபத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தார். வளர்மதி கையை நீட்டியது அந்தத் தூணைப் பார்த்துத்தான்.

"ஏனுங்கண்ணா, என்னயவே எடுத்துட்டிருக்கறீங்களே! எங்கம்மா அந்தத் தூணுக்குப் பின்னால நிக்குதுங்க. அதையும் எடுங்க. நாளைக்குப் படத்தப் பாத்துப்போட்டு, 'நான் எங்கயுமே இல்லையே'ன்னு எங்கம்மா தேடுமுங்க."

அந்தப் படத்தை நான் முழுதாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ராமாத்தாள் அதில் எங்குமே இல்லை.