பன்னிரண்டு குங்குமப்பூக் கிழங்குகள்

என் கணவரின் அக்கா சுவிஸிலிருந்து வந்து நிற்கிற நாட்களில் எங்கள் வீட்டில் எல்லாமே கொஞ்சம் சிறுத்துப்போய்விடும். அங்கே பால் தடிப்பு. அங்கே பஸ் சொன்ன நேரத்துக்கு வரும். அங்கே நாய்கூடக் காரணமில்லாமல் குரைக்காது. அவரை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். நல்ல மனம் படைத்தவர். மணித்தியாலத்துக்கு ஒரு தடவைக்கு மேல் என்னை வெறுப்பேற்ற மாட்டார்.

போன ஆவணியில் எங்கள் ஊரான வட்டக்கச்சிக்கு வந்தபோது, சொக்கலேட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே பன்னிரண்டு கிழங்குகள். சின்ன வெங்காயம் அளவு. மேலே சாக்குத் துணி சுற்றியதுபோல மண்ணிறத் தோல்.

"குங்குமப்பூக் கிழங்கு. குரோக்கஸ் எண்டு சொல்லுறது. மற்றப் பூவெல்லாம் முடிஞ்சு, மரமெல்லாம் இலை கொட்டேக்க, இது மட்டும் பூக்கும். எங்கட வாசல் முழுக்க ஊதாவா நிக்கும்."

"இஞ்ச பூக்குமோ மச்சாள்?"

"நட்டுவிட்டாச் சரி. நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை. அங்க நாங்கள் திரும்பியும் பார்க்கிறேல்லை." பிறகு எங்கள் முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இஞ்ச பூத்தால்தான் அதிசயம்" என்றார்.

அந்தக் கடைசி வசனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பத்தாம் வகுப்புக்குத் தாவரங்களின் பதிய முறை இனப்பெருக்கத்தைப் படம் கீறி விளங்கப்படுத்துகிற ஒருத்தியைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? மச்சாள் விமானம் ஏறிய அன்றே முடிவெடுத்தேன். ஐப்பசியில் எங்கள் முற்றத்தில் பூத்த குங்குமப்பூவின் படம் அவருடைய வாட்ஸ்அப்புக்குப் போக வேண்டும்.

என் கணவர் நெல் விதைக்கிறவர். மண்ணைப் பற்றி அவருக்குத் தெரியும். மண்ணைத் தவிர வேறெதைப் பற்றியும் அவசரப்பட மாட்டார். கிழங்கொன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இஞ்சேரும், எங்கட மண் களி. தண்ணி நிண்டால் இது ஒரு கிழமையில கஞ்சியாப் போம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"பாத்தியை உயர்த்தவேணும். மணலும் உமிக்கரியும் கலப்பம்."

கிணற்றடிக்கு அப்பால், மாமரத்து நிழல் விழுகிற இடத்தில் பாத்தி கட்டித் தந்தார். ஒரு சாணுக்கு ஒன்றாகப் பன்னிரண்டையும் நட்டேன். புரட்டாசி வெயிலில் மண் அடுப்புக்கல்லாகச் சுட்டது. காலையில் தண்ணீர் தெளிப்பேன். தெளித்த ஈரம் நான் வாளியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். மச்சாளிடமிருந்து கிழமைக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: "என்ன மாதிரி?" நான் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவேன். அது பொய்யில்லை. கட்டைவிரல் எதையும் சொல்வதில்லை.

மூன்றாம் கிழமை பாத்தியில் பச்சையாக ஒரு இலை தெரிந்தது. நேராக, ஊசிபோல. நான் கைபேசியில் பார்த்து வைத்திருந்த படத்தில் இருந்தது போலவே. அடுத்த நாள் நாலு இலை. அதற்கு நிழல் போதவில்லையென்று தென்னோலைப் பந்தல் போட்டேன். மாட்டெருக் கரைசல் ஊற்றினேன். மூன்று நாள் அப்படிச் சீராட்டிய பிறகு என் கணவர் வயலிலிருந்து வந்து, சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"வடிவா வளர்ந்திருக்கு."

"என்ன!"

"கோரை. எங்கட வயலில இதைப் பிடுங்க ஆள் தேடுறன். நீர் பந்தல் போட்டு வளர்க்கிறீர்."

விஞ்ஞான ரீச்சர் அன்று பின்னேரமே பந்தலைப் பிரித்தாள்.

கோரையைப் பிடுங்கிய கையோடு வந்தது மயில். எங்கள் பக்கத்தில் மயில்கள் கோழிகளைவிடத் தாராளமாகத் திரிகின்றன. நான் பாடசாலையால் வந்து பார்த்தபோது ஒன்று பாத்தியின் நடுவில் நின்று, மண்ணைக் கால்களால் பின்னுக்கு வாரி எறிந்துகொண்டிருந்தது. விளக்குமாற்றை ஓங்கினேன். அது கழுத்தைத் திருப்பி, முருகனின் வாகனத்தையா அடிக்கப்போகிறாய் என்பதுபோலப் பார்த்தது. கை தயங்கிய அந்த நொடியில் இன்னொரு கிழங்கை விழுங்கிவிட்டு வேலிக்கு மேலால் பறந்தது. மண்ணைச் சலித்துப் பார்த்தேன். ஐந்து கிழங்கு மிஞ்சியிருந்தது.

அன்றுதான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். கோடை முழுக்க உறங்குகிற கிழங்குக்குக் குளிர் தட்டினால்தான் பூக்கிற நினைப்பு வரும் என்று அறிந்தேன். எங்கள் வீட்டு பிரிட்ஜில் மீனும் மாவும் போக இடமில்லை. அதோடு அது எல்லாவற்றையும் உறைய வைக்கும். உறைந்தால் கிழங்கு செத்துப்போகும். மெல்லிய குளிர் வேண்டும். எனக்கு உடனே எங்கள் சந்திக் கடை ஞாபகம் வந்தது.

அந்தக் கடைக்காரரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறதுபோல, நானும் நானா என்றுதான் கூப்பிடுவேன். முல்லைத்தீவுப் பக்கத்துக் குடும்பம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர்கள். அவருடைய கடையில் சோடாப் போத்தல்கள் அடுக்கிய கண்ணாடிக் கதவு பிரிட்ஜ் ஒன்று உண்டு. சத்தம் லொறி மாதிரி வரும். குளிர் மட்டும் வராது. "நானா, இதை வெளியில வைச்சாலும் இவ்வளவு குளிரும்" என்று சோடா குடிக்கிறவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள். எனக்கு வேண்டியது சரியாக அந்தக் குளிர்தான்.

ஐந்து கிழங்கையும் போட்டுக் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினேன். நானா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"உள்ளியோ ரீச்சர்?"

"குங்குமப்பூ நானா."

அவர் சிரித்துவிட்டு, மேல்தட்டிலிருந்து தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். "இதுதான் குங்குமப்பூ. இதைத் தொட நான் கை கழுவுறனான். உங்கட கையில இருக்கிறது உள்ளி."

விளங்கப்படுத்தினேன். பூவுக்குள் இருக்கிற மூன்று சிவப்பு நார்தான் அந்த டப்பாவுக்குள் வருகிறது என்றதும் அவருடைய முகம் மாறியது. போத்தல்களை ஒதுக்கி, கீழ்த்தட்டில் இடம் விட்டார். பெட்டிக்கு மேலே தன் கையால் ஒரு மட்டையில் எழுதி ஒட்டினார்: தொடவேண்டாம், ரீச்சரின் சாமான்.

ஐப்பசி பிறந்து முதல் மழை கொட்டியதும் வெளியும் குளிர்ந்துவிட்டது. இனி மண்ணுக்கு வரலாம் என்று நினைத்து மூன்று கிழங்கை எடுத்துவந்து தொட்டிகளில் நட்டு விறாந்தையில் வைத்தேன். மற்ற இரண்டையும் கொண்டுபோக நானா விடவில்லை.

"இரண்டும் இஞ்ச கிடக்கட்டும் ரீச்சர். வெள்ளையா மூக்கு நீட்டியிருக்கு. இடம் மாத்தினால் கோவிக்கும்."

அதற்குள் அவர் என்னைவிடக் கூடுதலாக அக்கறைப்படத் தொடங்கியிருந்தார். கதவை நீண்ட நேரம் திறந்துவைத்து எந்தச் சோடா எடுப்பது என்று யோசிக்கிறவர்களுக்கு ஏச்சு விழுந்தது. "யோசிச்சுப்போட்டுத் திறவுங்கோ! உள்ளுக்கு உயிர் இருக்கு!"

என் தொட்டிகளுக்கு நான் காவல் இருந்தேன். மழைச் சாரல் அடித்தால் உள்ளே இழுப்பேன். வெயில் வந்தால் வெளியே தள்ளுவேன். ஒன்று அழுகியது. இன்னொன்றும் அழுகியது. மூன்றாவது நாலு இலையை விட்டுவிட்டு, இவ்வளவுதான் என்று நின்றது. என் கணவர் பார்த்துவிட்டு, "இந்த முறை கோரை இல்லை" என்று ஆறுதல் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை காலை, மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம், தொலைபேசி அடித்தது. நானா.

"ரீச்சர், உடன வாங்கோ. பிள்ளை பிறந்திட்டுது!"

ஸ்கூட்டியில் போய் இறங்கியபோது கடைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோரும் பிரிட்ஜின் கண்ணாடிக் கதவுக்குள் குனிந்து பார்த்தபடி. இரண்டு ஒரேஞ்ச் சோடாப் போத்தல்களுக்கு நடுவே, மண்ணும் தண்ணீரும் இல்லாமல், அந்தச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்த இரண்டு கிழங்கில் ஒன்று பூவாக எழுந்து நின்றது. மற்றது மூக்கு நீட்டியதோடு சரி. ஊதா இதழ் ஆறு. நடுவில் மஞ்சள் மகரந்தம். அதற்கு நடுவே மூன்று சிவப்பு நார், இதழுக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு. எத்தனை வருடம் பூவின் பாகங்களைக் கரும்பலகையில் கீறியிருக்கிறேன். அப்படி ஒன்று எனக்காகவே செய்து வைத்ததுபோல இருந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் நானா, ஒரு தகப்பனின் குரலில்.

உருத்திரபுரத்திலிருந்து உழவு மெஷினில் வந்த ஒருவர் மட்டும் பின்னால் நின்று, "பூ இருக்கட்டும், எனக்கொரு சோடா தரமாட்டியளோ?" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தோசம் தணிந்ததும் பிரச்சினை தெரிந்தது. மச்சாளுக்கு நான் அனுப்பவேண்டியது முற்றத்தில் பூத்த படம். சோடாப் போத்தலுக்குப் பக்கத்தில் அல்ல. பெட்டியை மடியில் வைத்துப் பிடிக்க நானாவின் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விதைப்பு முடிந்து சேற்றுக் காலோடு நின்ற கணவரிடம் குடையைக் கொடுத்தேன். பாத்தியில் ஒரு குழி தோண்டி, கிழங்கை இறக்கி, மண்ணை அணைத்தேன். பூ ஒரு பக்கம் சரிந்தது. பின்னால் ஈர்க்குச்சி ஒன்றை முட்டுக் கொடுத்தேன். மழை தூறியது, அவர் குடை பிடித்தார், நான் சேற்றில் முழந்தாளிட்டுப் பதினான்கு படம் எடுத்தேன். பதின்மூன்றில் அவருடைய கால்விரல் விழுந்திருந்தது. மிஞ்சிய ஒன்றை அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் மச்சாள் வீடியோவில் வந்தார்.

"கிட்டக் காட்டும். இன்னும் கிட்ட. ஏன் அது சரிஞ்சு நிக்குது? அந்தக் குச்சி என்ன?"

"காத்து, மச்சாள்."

"இலையில்லாமப் பூ மட்டும் நிக்குது. அது சரி. ஆனா மண் என்ன புதுசாக் கிண்டின மாதிரிக் கிடக்கு?"

என் கணவர் குடையைத் தன் முகத்துக்கு முன்னால் இறக்கிக்கொண்டார். நான் உண்மையைச் சொன்னேன். கோரை, மயில், சோடா பிரிட்ஜ், குச்சி எல்லாவற்றையும். மறுபக்கத்தில் சத்தமில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீரைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"எங்கட வாசலில பூக்கிறதை நான் நடேல்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா நட்டது. நான் நாலு வருசமா வாங்கி நடுறன், ஒண்டுகூட மூக்கை நீட்டேல்லை. உமக்குத் தந்ததும் அவா தந்த கிழங்குதான்." கொஞ்சம் நிறுத்தி, "தம்பிக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார்.

"தம்பி குடையோட பக்கத்திலதான் நிக்கிறார், மச்சாள்."

அதன் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தோம். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் நானும் அவரும் அவ்வளவு நேரம் எதையும் எதோடும் ஒப்பிடாமல் கதைத்தது அதுதான் முதல் தடவை. சுவிஸில் மண்வெட்டியோடு தனியாக நின்று, ஒன்றும் முளைக்காத மண்ணை அவர் நாலு வருடம் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தபோது எனக்கு அவர்மேல் ஒரு புது வாஞ்சை வந்தது. மயில் எப்படி என்னைப் பார்த்தது என்று அவருக்கு இரண்டு தடவை நடித்துக் காட்டினேன்.

பூ அடுத்த நாள் மத்தியானமே வாடத் தொடங்கியது. ராத்தா, அதாவது நானாவின் மனைவி, புருவம் திருத்துகிற சின்னக் குறட்டால் அந்த மூன்று நாரையும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். ஒரு தேக்கரண்டி சுடுபாலில் ஊறவைத்து, வட்டிலப்பத்துக்குள் ஊற்றினார். கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய் எல்லாம் சேர்ந்து அவிந்து வந்த அந்தப் பெரிய தட்டில் மூன்று நார் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. கடைக்குப் பின்னால் கதிரைகளைப் போட்டு நாலு பேரும் சாப்பிட்டோம்.

"வாசம் தூக்குது" என்றார் நானா, கண்ணை மூடிக்கொண்டு.

"ஓம், நாக்கில நிக்குது" என்றேன் நான்.

என் கணவர் மென்று, விழுங்கி, யோசித்தார். "எனக்கு ஏலக்காய்தான் மணக்குது."

"அப்ப உங்கட துண்டுக்குள்ள அது வரேல்லை" என்று ராத்தா இன்னொரு துண்டு வெட்டி வைத்தார். அதையும் சாப்பிட்டுவிட்டு என் கணவர் தலையாட்டினார், இல்லை என்று. மூன்றாவது துண்டை வழித்துத் துடைத்த பிறகுதான் லேசாக ஏதோ தெரிவதுபோல இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.