பிலோமினா அக்கா மறுத்த கோல்

செய்தி வந்தபோது எங்கள் வாட்ஸப் குழுவில் ஓர் ஆஃப்சைடு சண்டை நடந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் ஆட்டத்தில் வீடியோ நடுவர் கோடு போட்டுப் பார்த்து ஒரு கோலை ரத்து செய்திருந்தார். ஆளுக்கொரு பக்கம் நின்று காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். நடுவில் ஆண்டோவின் ஒற்றை வரி வந்தது: "பெரிம்மா போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." அதைப் பார்க்காமலே ஒருவர் அனுப்பிய "கோடே தப்பா போட்டிருக்கான்" அதற்குக் கீழே வந்து விழுந்தது. அவர் பதறிப்போய் அழித்துவிட்டார். 

பிலோமினா அக்காவை அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். பிரேசர் டவுனில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் நாங்கள் கால்பந்து பார்த்தோம். இளம் வயதில் தொலைபேசி அலுவலக அணிக்காக ஆடியவர். முழங்கால் போன பிறகு விசிலைக் கையில் எடுத்து நடுவரானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை மகன் ஆண்டோவைத் தன் பிள்ளையாகவே வளர்த்தார். ஆட்டம் தொடங்குமுன் கீமா பப்ஸ் தட்டு வந்துவிடும். தட்டைக் காலி செய்யாமல் எழுந்தால் திட்டும் கூடவே வரும்.

அந்தக் கூடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. திரையில் நடுவர் காதில் கை வைத்தால், அதாவது வீடியோ பார்க்கப் போகிறார்கள் என்றால், அக்கா டிவியின் சத்தத்தை நிறுத்திவிடுவார். முடிவு வரும்வரை அவரவர் எதிரணிக்காக வாதாட வேண்டும். நான் காப்பீட்டு சர்வேயர். மோதிய வண்டிகளின் படங்களைப் பார்த்து யார் மேல் தவறு என்று எழுதுவது என் பிழைப்பு. அதனால் எனக்குத் தனிக் கேலி. "சர்வேயர் சார், இன்னிக்கு உங்க பார்ட்டி அந்தப் பக்கம். எழுந்து பேசுங்க." என் அணிக்குக் கிடைத்த பெனால்டி செல்லாது என்று நானே வேண்டாவெறுப்பாகப் பேசத் தொடங்குவேன். பேசிக்கொண்டே போகும்போது பாதியில் சந்தேகம் வந்துவிடும். செல்லாதுதானோ? அந்த நேரத்தில் அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாரே, அதில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

வீடியோ வந்ததை அவர் எதிர்த்தார் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடையாது. சட்டைக் கை அளவுக்கு ஆஃப்சைடு என்று கோடு போட்டால் மட்டும், "போற போக்குல அந்தச் சட்டையைத் தெச்ச டெய்லருக்கும் கார்டு காட்டுவாங்க" என்பார். மற்றபடி அவருக்கு அது பிடித்திருந்தது. "உங்களுக்கு கோல் வேணும். ரெஃப்ரிக்கு வீட்டுக்குப் போனா சோறு இறங்கணும். தப்பை அங்கேயே திருத்திட்டா இறங்கும்" என்றார் ஒருமுறை.

அவர் ஊதிய கடைசி இறுதி ஆட்டம் எங்கள் பேட்டைக்கும் தொம்மலூர் அணிக்கும் நடந்தது. எங்கள் அணியில் ஆண்டோ இருந்தான். ஆனாலும் நடுவராகப் பிலோமினா அக்காதான் வேண்டும் என்று கேட்டது தொம்மலூர்க்காரர்கள். கோப்பையைவிடப் பெரிய பரிசு ஒன்று இருந்தது. ஜெயிக்கும் அணிக்கு ஒரு வருடம் தன் மைதானத்தைத் திறந்துவிடுவதாக ஒரு கல்லூரி சொல்லியிருந்தது. இந்த ஊரில் காலியிடம் என்றால் அடுக்கு மாடிதான். எங்கள் பையன்கள் கல்யாண மண்டபத்து வண்டி நிறுத்துமிடத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

தொம்மலூர் ஒரு கோல் முன்னால் இருந்தது. கடைசி நிமிடத்தில் ஆண்டோ உதைத்த பந்து மேல் கம்பியில் பட்டு, நேராகக் கீழே இறங்கி, வெளியே எம்பியது. அக்கா கையை அசைத்தார், கோல் இல்லை. சற்று நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஓர் ஆட்டக்காரனின் மனைவி போனில் வீடியோ எடுத்திருந்தாள். அதில் பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தது பளிச்சென்று தெரிந்தது.

போனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். திரும்பவும் ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு அணிகளையும் கூப்பிட்டு நிற்கவைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கோல். நான் குடுக்கல. தப்பு என்னோடது."

 இத்தனை பெரிய கூட்டத்தின் நடுவில் இப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

"அப்போ சமன்தானே! இப்பவே பெனால்டி வெச்சுக்கலாம்" என்றோம் நாங்கள்.

"முடியாது. வீடியோ இல்லாம ஆடறோம்னு ஒத்துக்கிட்டுதான் ரெண்டு பேரும் எறங்கினீங்க. முதல் பாதியில தொம்மலூர்ப் பையன் ஒருத்தன் பெனால்டி பெட்டிக்குள்ள விழுந்தானே, அவனுக்கு நான் பெனால்டி குடுக்கல. அதை யார் போன்ல புடிச்சீங்க? உங்களுக்குப் பட்டது மட்டும் வலிக்குமா?"

ஆண்டோ பூட்ஸைக் கழற்றி எறிந்தான். "பெரிம்மா, கிரவுண்டு போச்சு."

"தெரியும்டா கண்ணா" என்றார்.  பிறகு எங்கள் பையன்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கோப்பை தொம்மலூருக்குப் போனது. எங்கள் தெருவில் பல பேர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். ஞாயிறு பூசையில் அவர் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவர் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

சில வாரம் கழித்து, அக்கா வீட்டில் நாங்கள் சிலர் மட்டும் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலை, தொம்மலூர் கேப்டன் முருகேஷ் வாசலில் வந்து நின்றான். "அக்கா, வாரத்துல பாதி நாள் உங்க பசங்க வரட்டும். காலேஜ்ல பேசிட்டேன்."

"நான் உன்னைக் கேக்கலையே?"

"நீங்க கேக்கலக்கா. அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னப்புறம் எங்களால அங்க நிம்மதியா ஆட முடியல."

அக்கா அவன் கையில் பப்ஸைத் திணித்து உட்காரவைத்தார். அவரை நேற்று அடக்கம் செய்தபோது பெட்டியை ஒரு பக்கம் ஆண்டோவும் மறு பக்கம் முருகேஷும் தூக்கினார்கள். நான் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஒன்று மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கோல் விழுந்த நேரத்தில் அக்காவுக்கு நேர் பின்னால், கோட்டுக்கு வெளியே, நான் நின்றிருந்தேன். சாயங்கால வெயில் எங்கள் இருவர் கண்ணிலும் நேராக அடித்தது. கையை வைத்து மறைத்துக்கொண்டும் எனக்குக் கம்பமே தெரியவில்லை. போன வருடம் ஒருநாள் தனியாக இருந்தபோது கேட்டேன்: "அன்னிக்கு வெயில் அக்கா. அதை ஏன் நீங்க சொல்லல?"

"கண்ணு கூசிச்சுன்னா 'தெரியல'ன்னு சொல்லியிருக்கணும் சார். நான் 'இல்ல'ன்னு சொன்னேன்."

தினமும் என் மேசைக்கு வருகிறவர்கள் 'தப்புதான் சார், ஆனா...' என்று ஆரம்பிக்கிறார்கள். மழை, பள்ளம், எதிரே வந்த ஆட்டோ என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கிறது. பிலோமினா அக்காவிடமும் உண்மையான ஒரு 'ஆனா' இருந்தது. அதை அவர் கடைசிவரை எடுக்கவே இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அப்படி எடுக்காமல் விட்டதைத்தான்.