ஆறிய பிறகும் மஞ்சள்

போன செவ்வாய்க்கிழமை தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன பெயின்ட் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு வெள்ளை பெயின்ட் வேண்டும். நேரில் வாங்கினால் சல்லிசு என்று எதிர்வீட்டுக்காரர் கிளப்பிவிட்டிருந்தார்.

முதலாளி பெயின்டில் போடும் வெள்ளை மாவு மூட்டை ஒன்றைக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"ஜிங்க் ஆக்ஸைடு சார். எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது. எங்க டெஸ்டிங் அம்மா, மஞ்ச ஓடுது, திருப்பி அனுப்புங்கன்னுது. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்."

டெஸ்டிங் அம்மா திரும்பினாள். "வணக்கம் சார்."

பிலோமினா! வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். ஏன்? சொல்கிறேன்.

பத்தி எழுத வருவதற்கு முன்னால் நான் கெமிஸ்ட்ரி வாத்தியார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் பிலோமினா என்னிடம் பி.எஸ்ஸி. படித்தாள். அரியாங்குப்பத்துப் பெண், மில் தொழிலாளியின் மகள். அப்பா கறாராகச் சொல்லியிருந்தார் — ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தால் மேல்படிப்பு, இல்லாவிட்டால் கல்யாணம்.

கடைசி வருஷ பிராக்டிகல் பரீட்சை. ஆறு பேருக்கு ஒரே பாட்டிலிலிருந்து ஜிங்க் உப்பு. அதைச் சூடாக்கினால் ஜிங்க் ஆக்ஸைடு மிஞ்சும். சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை... கெமிஸ்ட்ரி படித்தவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். சூட்டில் கொஞ்சம் ஆக்ஸிஜன் வெளியே ஓடிவிடும். அது இருந்த இடம் காலியாக நிற்கும். அந்தக் குறைதான் மஞ்சளாகத் தெரிகிறது. ஆறும்போது ஆக்ஸிஜன் திரும்பி வந்துவிடும், வெள்ளையாகிவிடும்.

ஆனால் துளி இரும்பு கலந்திருந்தால்? ஜிங்க் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறினாலும் நிறம் போகாது.

ஐந்து பேர் 'ஆறியதும் வெள்ளை' என்று எழுதினார்கள். பிலோமினா மட்டும் 'ஆறிய பிறகும் மஞ்சள்' என்று எழுதினாள்.

மெட்ராஸிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறியும் மஞ்சள்னு எழுதிட்டு, முடிவுல ஜிங்க்னு போட்டிருக்கே. யாரைப் பாத்துக் காப்பியடிச்சே?"

"இல்ல சார்... டியூப் அங்கதான் இருக்குது. வந்து பாருங்க சார்."

அவர் பார்க்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். மஞ்சள்தான். பாட்டிலையும் பார்த்தேன். மூடி உடைந்துபோய், ஏதோ ஒரு தகர மூடியைப் போட்டு வைத்திருந்தார்கள். அதன் துரு உதிர்ந்து உப்பில் கலந்திருந்தது.

வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் லேப் என் பொறுப்பு. உப்பில் துரு என்றால் தலை உருளப் போவது என்னுடையது; என் வேலையோ அப்போது நிரந்தரமாகவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன். கோழைத்தனம் — இதற்கு வேறு பெயர் கிடையாது.

எக்ஸாமினர் சிவப்பு மையால் அவள் தாளில் குறுக்கே கோடு போட்டார். மற்ற ஐந்து பேருக்கும் முழு மார்க். அவர்கள் டியூபில் மட்டும் என்ன, வெள்ளையாகவா இருந்தது? இவளுக்கோ நாலைந்து மார்க்கில் ஃபர்ஸ்ட் கிளாஸ் போயிற்று. அந்த வருஷமே கல்யாணம். பத்திரிகை அனுப்பியிருந்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? நான் போகவில்லை.

அவள்தான் இப்போது கண்ணாடித் தகட்டில் மாவைத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி உள்ளே போனதும் சொன்னேன். "அன்னைக்கு நீ எழுதினதுதான் சரி, பிலோமினா. உப்புல துரு இருந்துது. எனக்கு அன்னைக்கே தெரியும்."

பதினாறு வருஷம் கழித்து! மன்னிப்புக் கேட்கிற லட்சணம்!

"தெரியும் சார்," என்றாள், தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க டியூபப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கினீங்களே... நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேச்சை மாற்றினேன். "பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு சார். ஒன்பதாவது. சயின்ஸ்ல அதான் ஃபர்ஸ்ட்டு." முதல் தடவையாகச் சிரித்தாள். "கண்ணால பாக்கறத எழுதாத, புஸ்தகத்துல இருக்கறத எழுதுன்னு சொல்லிக் குடுத்துருக்கறேன்."

மூன்று வருஷம் பாடம் நடத்தினேன். அவள் மகள்வரை போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.