நிறுத்திய லைனில் வந்த கரண்ட்

எண்பதுகள் முடியும் தறுவாயில் மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். மின்சார லைன்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். ஒரு தெருவில் எத்தனை கம்பங்கள், கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு தூரம், கம்பி என்ன கனம், எத்தனை வீடுகள் என்று நடந்து நடந்து அளந்து வருவோம். அதையெல்லாம் உள்ளே கொடுத்தால், எந்த இடத்தில் வோல்டேஜ் எவ்வளவு குறைகிறது, லைனை எங்கே பிரித்தால் சரியாகும் என்று திரையில் பச்சை எழுத்தில் வரும். பொறியியல் முடித்த கையோடு சேர்ந்தவள் நான். எனக்கு மின்சாரம் என்பது அந்தப் பச்சை எழுத்துதான்.

கரையான்சாவடியில் ஒரு தெரு பெரிய தொல்லையாக இருந்தது. சாயங்காலமானால் கடைசி வீடுகளில் டியூப் லைட் பிடிக்காது, மினுக்கிக்கொண்டே கிடக்கும். இருந்த ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து லைனை நீட்டிக்கொண்டே போயிருந்தார்கள். அதை நடுவில் வெட்டி, பின்பாதியைப் புது டிரான்ஸ்பார்மரோடு சேர்க்கச் சொன்னது கம்ப்யூட்டர். எந்தக் கம்பத்தில் வெட்டுவது என்பதையும் அதுவே காட்டியது. கணக்கைச் சரிபார்க்கக் கடைசிக் கம்பத்தின் அடியில் ஒரு பதிவுப் பெட்டி வைத்தோம். அங்கே வருகிற வோல்டேஜை ஒரு பேனா முள் சுருள் காகிதத்தில் கோடாக இழுத்துக்கொண்டே போகும்.

வெட்டுகிற நாளில் நானும் போனேன். லைன்மேனுக்கு என் சித்தப்பா வயது இருக்கும். வாய் ஓயாமல் பேசுவார். முன்பகலில் டிரான்ஸ்பார்மரின் பீஸ் கட்டைகளைப் பிடுங்கி, தோளில் தொங்கிய காக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாத்துக்கோ மேடம், பீஸ் கட்ட பூரா என் பையில கீது. இனிமே நான் குடுத்தாதான் இந்தத் தெருவுக்குக் கரண்டு" என்று சிரித்தார்.

வெட்ட வேண்டிய கம்பத்தில் ஏணியைச் சாய்த்துக் கயிற்றால் கட்டினார். நான் கடைசிக் கம்பத்துக்குப் போய், காகிதச் சுருளை எடுப்பதற்காகப் பதிவுப் பெட்டியைத் திறந்தேன். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

அந்தக் கம்பத்தை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். கரண்ட் நின்றதும் அடங்கிப்போயிருந்த அதன் ஒலிபெருக்கி மறுபடியும் நாதஸ்வரத்தை அலறத் தொடங்கியது. அடுத்த கணம் பேனா முள் எழுந்தது.

என் கை பட்டுவிட்டதென்று நினைத்தேன். பெட்டியை லேசாகத் தட்டினேன். அது இறங்கவில்லை. நடுங்கியபடி மேலே ஏறி, பாதிக்கு மேல் போய் நின்று துடித்தது. பீஸ் கட்டைகள் அவர் பையில். அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது?

திரும்பிப் பார்த்தேன். லைன்மேன் ஏணியின் உச்சியில் நின்று, இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை உருவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! தொடாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு எங்கோ கழன்றது. வழியில் ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மாள் உள்ளே பார்த்து, "ஏய், கரண்ட் வந்துச்சு பாரு, ஃபேன் சுத்துது!" என்று சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள். அவர் கை உயர்ந்துகொண்டிருந்தது.

ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கைக்கு எட்டிய அவர் கால் ஒன்றை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டேன்.

"இன்னா மேடம்! காலை வுடு, வுயுந்துடுவேன்!"

"லைன்ல கரண்ட் இருக்கண்ணே!"

"பீஸு என் பையில கீதுன்றேன். கரண்டு எங்கேந்து வரும்?"

"தெரியல. முள்ளு ஏறுது. இறங்குங்க, உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார் என்று நினைக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே டெஸ்ட் லாம்பை எடுத்தார். அது இரண்டு ஒயர்கள் தொங்கும் ஒரு பல்பு, அவ்வளவுதான். ஒயர் முனைகளை மூங்கில் கழியில் கட்டி மேலே நீட்டி, கம்பிகளில் மாட்டினார். பல்பு மஞ்சளாக எரிந்தது.

கழியை மெல்ல இறக்கி வைத்துவிட்டுக் கம்பத்தடியில் குந்தினார். தரையைப் பார்த்தபடி, "எனக்கு ரெண்டும் பொண்ணும்மா" என்றார்.

நாதஸ்வரத்துக்கு நடுவே கேட்ட எஞ்சின் இரைச்சலைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனோம். அங்கே ஒரு பெரிய ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டிருந்தது. அதன் ஒயரை மண்டபத்து ஸ்விட்ச் போர்டில் நேராகச் சொருகியிருந்தார்கள். மண்டபத்தைத் தெரு லைனிலிருந்து துண்டிக்கும் மெயின் ஸ்விட்சை யாரும் அணைக்கவில்லை. ஜெனரேட்டரின் கரண்ட் மண்டபத்தோடு நிற்காமல், வந்த வழியே திரும்பித் தெருக்கம்பி முழுவதும் ஓடியிருக்கிறது.

"கரண்டு போனா நான் இன்னா பண்றது அண்ணாத்தே? மைக் செட்டு நின்னா பொண்ணு ஊட்டுக்காரங்க சும்மா வுடுவாங்களா?" என்றான் ஜெனரேட்டர் ஆள்.

லைன்மேனின் கை உயர்ந்தது. அவன் கன்னத்துக்குப் போவதற்குள் தாழ்ந்தது. தானே போய் மெயினை இழுத்து அணைத்தார். "ஒரு ஆளு செத்துருப்பான்பா" என்றார்.

அன்று வேலை நடக்கவில்லை. திருமுல்லைவாயில் வீட்டுக்கு வந்தவள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல், ஜெபம் முடிந்த பிறகும் முழங்காலிலேயே இருந்தேன். எங்கள் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கரண்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து மட்டும்தான் வரும். வீடுகளும் மண்டபங்களும் வாங்கிக்கொள்கிறவை. அது தப்பான கணக்கில்லை. ஆனால் அதற்கப்புறம் திரையில் எங்கே பூஜ்யம் வந்தாலும் என்னால் அதை நம்ப முடியவில்லை.

மண்டபத்தில் இரண்டு கரண்டும் கலக்காதபடி தனி ஸ்விட்ச் போட்ட பிறகு, மறுபடி நாள் குறித்தார்கள். இந்த முறை லைன்மேன் மண்டபத்து மெயின் அணைந்திருப்பதை நேரில் பார்த்தார். பல்பை வைத்துச் சோதித்தார். எல்லாக் கம்பிகளையும் சங்கிலியால் சேர்த்துக் கட்டி, தப்பிக் கரண்ட் வந்தாலும் தரைக்குள் இறங்கிவிடும்படி மண்ணோடு இணைத்தார். "போதுமா மேடம்?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன்.

அவர் ஏணியில் கால் வைத்ததும் ஒரு வீட்டின் காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். மேலே கம்பி அறுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் ஒன்றுமே கேட்காத மாதிரி இருந்தது. அவரே பக்கத்தில் வந்து, "முட்ஞ்சிச்சு, இந்தாண்ட திரும்பும்மா" என்று சொன்ன பிறகும் உடனே திரும்பத் துணிச்சல் வரவில்லை.